றாக்கையா, அலுமாரியா, பரணா? வன்னி வீட்டில் சாமான் வைக்க இடம் தேடுபவர்களுக்கு

"அக்கா, நெல்லு வித்த காசு கொஞ்சம் கையில கிடக்கு. அலுமாரி ஒண்டு எடுக்கிறதோ, மேசனைப் பிடிச்சு றாக்கை கட்டுறதோ? இவர் பரண் அடிச்சாக் காணும் எண்டு நிக்கிறார்."

இலங்கையின் வடக்கில், வன்னியில் உள்ள விசுவமடுவில் இருக்கிற, தங்கச்சி முறையான ஒருத்தி பங்குனி மாதம் கேட்ட கேள்வி இது. றாக்கை என்றால் சுவரோரம் சீமெந்தில் கட்டுகிற தட்டு. பதில் சொல்ல முன்னம் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு அறை, ஒரு கூடம், குசினி, முன்னால் சின்ன விறாந்தை. அறை மூலையில் உரப்பைகள் ஆறு. ஒன்றில் பிள்ளைகளின் பழைய கொப்பிகள், ஒன்றில் மாரிகாலப் போர்வைகள், மற்றதுகளில் என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டிலுக்கு மேலே கொடி, கொடியில் நாலு பேரின் உடுப்பு. கூடத்தில் பிளாஸ்ரிக் கதிரை மூன்று கிடந்தன. மூன்றிலும் தோய்த்த துணிதான் இருந்தது, எனக்கு இருக்க வாங்கு கொண்டுவந்து போட்டாள்.

அவள் ஒழுங்கில்லாதவள் அல்ல. வீடு அப்படி. போருக்குப் பிறகு வன்னியில் எழும்பிய வீடுகளில் பெரும்பங்கு வீட்டுத்திட்ட வீடுகள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. வீடு ஏறக்குறைய 550 சதுர அடி. அத்திவாரம், சுவர், கூரை என்று முடிக்கவே நகை அடகு வைத்தவர்களும் கைமாற்று வாங்கியவர்களும் எத்தனையோ பேர். அந்த நேரத்தில் போர்வையை எங்கே வைப்பது, பெட்டியை எங்கே வைப்பது என்று யார் யோசித்தார்கள்? பத்துப் பதினைந்து வருடத்தில் பிள்ளைகள் வளர்ந்து, சாமானும் வளர்ந்து, அறைக்குள் ஆள் நடக்க வழியில்லாமல் வந்து நிற்கிறது.

போனில் வீட்டு அலங்காரப் படங்கள் நூறு பார்க்கலாம். வெள்ளைச் சுவர், தரையோடு ஒட்டிய பலகை அலுமாரி, அதற்குள் ஒரே நிறத்தில் கூடைகள். பார்க்க வடிவுதான். ஆனால் அந்தப் படங்களில் கறையான் இல்லை, எலி இல்லை, ஐப்பசி மழை இல்லை. எங்கள் வீட்டுக்கு வேறு கணக்கு.

எதை வைத்து அளப்பது

முதலாவது கறையான். இது மண்ணுக்குள் இருந்து வருவது. ஈரமான மண்ணோடு தொடர்பு அறாமல் இருக்க, சுவரிலே மண்ணால் குழாய் மாதிரிக் கோடு இழுத்துக்கொண்டு ஏறும். நிலத்துக்குச் சீமெந்து போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்க முடியாது. நிலமும் சுவரும் சந்திக்கிற மூலையில் மயிரளவு வெடிப்புக் கிடைத்தால் போதும். ஒரு சாமான் நிலத்தோடும் சுவரோடும் ஒட்டி நின்றால் அந்தக் கோடு எங்கள் கண்ணில் படாது. அதுதான் அதற்கு வசதி.

இரண்டாவது தண்ணீர். ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை வாடைக்காற்றோடு வருகிற மழையில் உடுப்பு காயாது, காய்ந்த உடுப்பும் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளம் இன்னொரு பக்கம். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இரவோடிரவாகத் தண்ணீர் வீடுகளுக்குள் வந்ததை மறந்தவர் இல்லை. 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் திரும்பவும் நினைவூட்டிப் போனது. அடித்தட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், நாங்கள்தான் அளக்கவேண்டும்.

மூன்றாவது எலியும் புழுதியும். சோளகம் வீசுகிற வைகாசி முதல் ஆவணி வரை, கிரவல் றோட்டோரத்து வீட்டில் காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் பெயர் எழுதலாம். திறந்த தட்டு என்றால் அவ்வளவும் உடுப்பில்தான் படியும்.

நாலாவது, தூக்கலாமா என்பது. இதை வேறு ஊர்க்காரர் ஒரு கேள்வியாகவே எடுக்கமாட்டார்கள். கூரை ஓடுகளையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நடந்த சனத்துக்கு, சுவரோடு கட்டின சாமானைக் கண்டால் உள்ளுக்குள் ஒரு தயக்கம் இருக்கத்தான் செய்யும். அம்மா இன்றைக்கும் தன் றங்குப் பெட்டியை, அந்தத் தகரப் பெட்டியை, கட்டிலடியில், கைப்பிடி வெளிப்பக்கம் பார்க்கத்தான் வைப்பா.

பிறகு காசு. விலையை மட்டும் சொல்லவில்லை. எத்தனை வருடம் நிற்கும், ஒரே தரமாகக் கொடுக்கிறோமா, கிழமைக்குக் கிழமை பிரித்துக் கட்டுகிற கிழமைக் கட்டுக்கா என்பதும் அதற்குள் வரும். இடத்தையும் கணக்குப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை 100 சதுர அடி. ஆறடிக்கு ஐந்தடிக் கட்டில் 30ஐ எடுத்துவிடும். நாலடி அகலம், இரண்டடி ஆழமான அலுமாரி 8. கதவு திறக்கவும் ஆள் நிற்கவும் அதே அளவு இன்னொரு 8. மிஞ்சுவது 54. பாய் விரித்துப் படிக்கிற பிள்ளைக்கு அதுவும் முழுதாகக் கிடையாது, நடைபாதையை வேறு கழிக்கவேண்டும்.

இவ்வளவுக்கும் எங்கள் ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்த விடை ஒன்று இருக்கிறது. கொம்பறை. கல்லுக்கு மேல் மரம் வைத்து, அதன்மேல் தடியால் பின்னி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, மேலே கூரை போட்டு நெல்லை வைத்தார்கள். கீழே கோழி புகுந்து படுக்கிற அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் விசயம் இருக்கிறது. கறையான் கோடு இழுத்தால் தெரியும், எலி ஏறினால் தெரியும், தண்ணீர் வந்தால் கீழால் போய்விடும். கீழே சொல்லப்போகிற ஒவ்வொன்றையும் நான் கொம்பறைக்குப் பக்கத்தில் நிறுத்தித்தான் பார்க்கிறேன்.

சீமெந்து றாக்கை

மேசனிடம் கேட்டால் சுவரை வெட்டித் தட்டைச் செருகலாம் என்பார். நாலங்குலக் கல்லால் கட்டின சுவர் என்றால் விடாதீர்கள். வெட்டின இடத்தில் சுவர் பாதியாகிவிடும், பிறகு வெடிக்கும். நல்லது, இரண்டு பக்கமும் நடுவிலும் சீமெந்துக் கல்லைக் குறுக்காக அடுக்கிக் கால் எழுப்பி, அதன்மேல் தட்டை வைப்பது. தட்டை முற்றத்திலேயே வார்க்கலாம். நிலத்தைச் சமப்படுத்தி, பொலித்தீன் விரித்து, நாலு பக்கமும் சட்டம் வைத்து, உள்ளே கம்பி கட்டி, சீமெந்து, மணல், கல்லு ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவை. இரண்டங்குலத் தடிப்பு. ஒரு கிழமையாவது ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் விடவேண்டும். இரண்டடி நீளமும் பதினைந்து அங்குல அகலமும் உள்ள தட்டு ஏறக்குறைய 28 கிலோ வரும், இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். இதைவிட நீளமாக வார்த்தால் தூக்கும்போது முறியும், அல்லது தூக்குகிறவரின் இடுப்பு முறியும்.

ஆழம் பதினைந்து அங்குலம் போதும். அலுமாரி மாதிரி இரண்டடி வேண்டாம். கதவு இல்லாததால் திறக்க இடமும் வேண்டாம், ஒரு சீலைத் திரை போதும். அலுமாரி பிடிக்கிற இடத்தில் பாதிக்கு மேல் மிஞ்சும். அடித்தட்டை ஒன்றரை அடி உயரத்தில் வையுங்கள். கீழே வெறுமையாக விடுங்கள், உரப்பையைச் செருகாதீர்கள்.

மறைவான செலவு ஒன்று. சீமெந்தைக் கறையான் தின்னாது, ஆனால் அதன்மேல் நடந்து போகும். தட்டுக்குப் போட்ட காசைப் பார்த்து நம்பிக்கை வைத்து, புத்தகத்தைச் சுவரோடு தள்ளி அடுக்கிவிட்டால் பின்பக்கமாக வந்து தின்றுவிட்டுப் போய்விடும். எதையும் சுவரில் இருந்து இரண்டங்குலம் தள்ளி வைக்கவேண்டும். தட்டுக்கும் சுவருக்கும் வெள்ளை அடியுங்கள். வெள்ளைச் சுவரில் மண் கோடு ஒரு நாளிலேயே கண்ணில் படும். இன்னொன்று, பூசாத தட்டின் சொரசொரப்பில் சீலை நூல் இழுபடும். பூச்சுக்கும் சேர்த்துத்தான் மேசனிடம் கூலி பேசவேண்டும். பேசாமல் விட்டால் இரண்டாம் தரம் கூப்பிட்டு இரண்டாம் நாட்கூலி கொடுக்கவேண்டி வரும்.

சொந்தக் காணி, சொந்த வீடு, படிக்கிற பிள்ளைகள் இருக்கிற குடும்பம் என்றால் என் முதல் தெரிவு இதுதான். காணிக்கு இன்னும் பெமிற் (அனுமதிப்பத்திரம்) கைக்கு வரவில்லை, வழக்கு இருக்கிறது என்றால் யோசியுங்கள். றாக்கை காணியோடுதான் நிற்கும்.

மர அலுமாரி

முதிரை, பாலை, தேக்கு. இந்த மூன்றில் ஒன்றால் செய்த அலுமாரி இருந்தால் விற்காதீர்கள், பேரப்பிள்ளைக்குப் போகும். முதிரை வைரத்தைக் கறையான் இலேசில் தொடாது. புதிதாகச் செய்விப்பதுதான் சிக்கல். மரம் ஏற்றி இறக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். "எல்லாம் நான் பாக்கிறன்" என்கிற தரகரிடம் வாங்கினால் வழிமறிப்பில் மரமும் போய் வாகனமும் நிற்கும். மரவேலை செய்கிற ஓடாவியின் கூலி வேறு. அவசரப்பட்டுப் பச்சை மரத்தில் செய்வித்தால் முதல் கோடையிலேயே கதவு கோணி, பூட்டுப் போட முடியாமல் கயிறு கட்டவேண்டி வரும்.

வெளிப்பலகை முதிரையாக இருக்கும், முதுகுப்பலகையும் இழுக்கிற லாச்சியின் அடியும் மெல்லிய ஒட்டுப்பலகையாக இருக்கும். கறையான் அதைத்தான் தேடி வரும். பழைய சாமான் விற்கிற இடத்தில் வாங்குவதென்றால் முன்பக்க மெருகைப் பார்க்காமல், இரண்டு பேரைப் பிடித்து அலுமாரியைத் திருப்பி முதுகைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

மலிவுக்கு வேம்பு இருக்கிறது. வளவில் நின்ற வேம்பு சரிந்து, பலகை அறுத்து இரண்டு கோடை நிழலில் காயவிட்டவர்கள் அதிட்டசாலிகள். கசப்பு மரம், பூச்சி குறைவு.

காலுக்குக் கீழே சிரட்டை வைத்துத் தண்ணீர் விடுவது பழைய பழக்கம். எறும்புக்கு அது சரி. ஆனால் நின்ற தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். தண்ணீருக்குப் பதிலாகப் பழைய எஞ்சின் ஒயில் விடுங்கள், தவழ்கிற குழந்தை இல்லாத வீடு என்றால் மட்டும்.

ஒட்டுப்பலகை அலுமாரி

கண்ணாடி வைத்து, மரநிறத் தாள் ஒட்டி, மூன்று கதவோடு கடை வாசலில் நிற்கிறதே, அது. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. சீதனமாகவும் கலியாணப் பரிசாகவும் கிராமத்துக்கு வருவது பெரும்பாலும் இதுதான். லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து கட்டுக்காசுக்கும் கொடுப்பார்கள்.

நானும் ஒன்று வாங்கினேன். எந்தக் கடை என்பது முக்கியமில்லை, எல்லாக் கடையிலும் அதே பலகைதான். அறைச் சுவரோடு ஒட்டி வைத்தேன், வடிவாக இருந்தது. இரண்டாம் வருட மாரிக்குப் பிறகு கீழ்க்கதவு மூடவில்லை. சவர்க்காரம் தடவினேன், பிணைச்சலை முறுக்கினேன், முறுக்கின ஆணி தூளோடு கழன்று கையில் வந்தது. அலுமாரியை இழுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அடிப்பலகை நிலத்து ஈரத்தைக் குடித்துப் பாணைப் போல ஊதியிருந்தது. முதுகில், நிலத்தில் இருந்து என் தோளுயரம் வரை மண் கோடு. உள்ளே அடித்தட்டில் மடித்து வைத்திருந்த கூறைச்சீலையை எடுத்தேன். மேலே ஒன்றும் தெரியவில்லை. விரித்தால், ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே இடத்தில் ஐந்து சதக் குத்தி அளவில் ஓட்டை. எட்டு மடிப்பு, எட்டு ஓட்டை. கத்தரிக்கோலால் வெட்டினாலும் அவ்வளவு ஒழுங்காக வராது.

ஆகவே இதில் எனக்கு நடுநிலை இல்லை. ஆனாலும் நியாயம் சொல்லவேண்டும். வாடகை வீட்டில் இருக்கிற ஆசிரியர், இரண்டு மூன்று வருடத்தில் இடமாற்றம் வரும், ரைல்ஸ் பதித்த உயர்ந்த நிலம், ரவுணுக்குள் வீடு என்றால் இது வேலை செய்யும். நாலு மூலைக்கும் கல் வைத்து, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். ஒருதரம் பூட்டினதை இரண்டாம் தரம் கழற்றிப் பூட்டினால் ஆணி பிடிக்காது. இடமாற்றத்துக்கு என்று வாங்கி, இடம் மாற்ற முடியாத சாமான் அது. கிழமைக் கட்டுக்கு எடுக்கிறவர்கள் ஒன்றை யோசியுங்கள். கட்டுக்காசு முடிகிற நாளும் அலுமாரி முடிகிற நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

இரும்பு அலுமாரி

கறையானுக்கு இதைவிட நல்ல மறுமொழி இல்லை. எலி போகாது, கதவு இறுக்கமாக இருந்தால் புழுதியும் குறைவு, பூட்டு உண்டு. பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் அந்தப் பூட்டுக்கு ஒரு பெறுமதி இருக்கிறது. நகையைவிடக் காணிப் பெமிற், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே இடத்தில் பூட்டிக் கிடப்பது ஒரு நிம்மதி. 2009இல் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் முகாமுக்குள் வந்து, ஒவ்வொரு சான்றிதழுக்கும் மாதக்கணக்கில் கந்தோர் கந்தோராக நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

துரு அடியில் இருந்துதான் தொடங்கும். நிலம் கழுவுகிற தண்ணீர் அடித்தகட்டு மடிப்புக்குள் போய் நிற்கும், வெளியே தெரியாது. வாங்கின அன்றே சரித்துவைத்து அடிப்பக்கத்துக்குத் துருப்பிடிக்காத அன்ரிகொரசிவ் பெயின்ற் இரண்டு பூச்சு அடித்து, நாலு கல்லில் ஏற்றிவிடுங்கள். அளம்பில், செம்மலை, கொக்கிளாய்ப் பக்கத்துக் கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று இதை வேகமாகத் தின்னும். அங்கே நான் இரும்பைச் சொல்லமாட்டேன்.

மாரியில் அரைகுறையாகக் காய்ந்த உடுப்பை உள்ளே வைத்துப் பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், இரும்புக்குள் காற்று ஓடாது. வெயில் வருகிற நாளில் இரண்டு கதவையும் திறந்துவிடுங்கள். தகடு எவ்வளவு தடிப்பு என்று பெருவிரலால் கதவு நடுவில் அமுக்கிப் பாருங்கள். டப்பென்று உள்ளே போய்த் திரும்பி வந்தால் மெல்லிய தகடு. வெறும் அலுமாரியை நாலு பேர் தூக்கலாம், நிறைந்ததை யாரும் தூக்க முடியாது.

பிளாஸ்ரிக் லாச்சியும் பரலும் றங்குப் பெட்டியும்

இதை ஒரு தெரிவாகவே யாரும் எடுப்பதில்லை, "பிறகு நல்லது வாங்குவம்" என்று தொடங்கி அப்படியே நிற்பது. ஆனால் இதில் பரல் தண்ணீருக்கு அஞ்சாது. வளையம் போட்டு இறுக்குகிற மூடியுள்ள நீலப் பரல் வெள்ளத்தில் மிதக்கும், உள்ளே இருக்கிற அரிசியும் உழுந்தும் நனையாது. எலியும் இலேசில் அரிக்காது. குசினிக்கு நான் வேறொன்றும் சொல்லமாட்டேன். முன்னம் இரசாயனம் இருந்த பரலைச் சாப்பாட்டுச் சாமானுக்கு வாங்காதீர்கள், எத்தனை தரம் கழுவினாலும் சரி.

லாச்சிக் கூடு பிள்ளைகளின் உள்ளுடுப்பு, காலுறை, பள்ளிக்கூடச் சாமானுக்குச் சரி. பாரமான புத்தகம் வைத்தால் நடு வளைந்து, கீழ் லாச்சி இழுபடாது. யன்னல் வெயில் படுகிற இடத்தில் வைத்தால் இரண்டு வருடத்தில் நொறுங்கும்.

றங்குப் பெட்டி கட்டிலடிக்கு. கட்டிலடி என்பது 30 சதுர அடி, அறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதைச் சும்மா விட்டுவிட்டு இடமில்லை என்கிறோம். ஆனால் ஒவ்வொரு சனியும் இழுத்து, கீழே தும்புத்தடி போடவேண்டும்.

பரண்

தங்கச்சியின் அவர் சொன்னது. ஆண்களுக்குப் பரணில் ஒரு விருப்பம் இருக்கிறது. ஏறி வைக்கும்போது அவர்கள் நிற்பார்கள், எடுக்கிற நாளில் நாங்கள்தான் கதிரை போட்டு ஏறுவோம்.

நிலத்தில் ஒரு அங்குலமும் பிடிக்காது என்பது பெரிய நன்மை. வெள்ளத்துக்கும் எட்டாது. பழைய குசினிப் பரணில் விதைச்சோளமும் பூசணி விதையும் அடுப்புப் புகைக்கு மேலே வைத்தார்கள், புகை பூச்சியைத் துரத்தியது. வாயு அடுப்புக்கு மாறின குசினியில் அந்த நன்மை போய்விட்டது, பரண் மட்டும் மிஞ்சியது.

சீற் போட்ட கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் ஒருதரம் கையை நீட்டிப் பாருங்கள். அந்தச் சூட்டில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், மருந்து பழுதாகும், பிளாஸ்ரிக் பொடியாகும். ஓட்டு வீடு என்றால் குரங்கு ஓடு நகர்த்தின இடத்தால் ஒழுக்கு. எலி அங்கேதான் குட்டி போடும், எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். இருட்டில் கையைவிட்டுத் துழாவுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், ரோச் அடித்துப் பார்த்து எடுங்கள்.

வருடத்தில் ஒன்றிரண்டு தரம் எடுக்கிற, பாரம் குறைந்த, சூடு பட்டால் கெடாத சாமானுக்கு மட்டும் பரண். பொங்கல் பானை, திருவிழாத் தோரணம், பெரிய கிடாரம், வெறும் சாக்கு. நெல் மூட்டை ஏற்றாதீர்கள்.

நெல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது வன்னிக் கணக்காகாது. மாரிப் போகமான காலபோகம் வெட்டின கையோடு படுக்கையறைக்குள் மூட்டை அடுக்குகிற வீடுகள் நிறைய. 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் உள்ள நெல்லை அடுக்கினால் சூடேறி மணக்கும், அறை முழுக்க அந்தும் வண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் போல யானை வருகிற ஊரில் இன்னும் மோசம். நெல் மணத்துக்கு யானை சுவரை இடிக்கும். மூட்டை இருக்கிற சுவருக்கு மறுபக்கம் பிள்ளைகள் படுக்கிற கட்டில் இருந்தால்? நெல்லை வீட்டுக்குள் வைக்காமல் விற்க முடிந்ததை விற்று, சாப்பாட்டுக்கு உள்ளதை ஆட்கள் படுக்காத இடத்தில், பலகைக்கு மேல் வையுங்கள்.

ஒரே பார்வையில்

| | கறையான் | வெள்ளம், ஈரம் | எலி, புழுதி | தூக்கலாமா | காசு |
|---|---|---|---|---|---|
| சீமெந்து றாக்கை | தின்னாது, ஏறிப் போகும் | அடித்தட்டு உயரமென்றால் பயமில்லை | திரை வேண்டும் | முடியாது | நடுத்தரம், ஒரே தரம் |
| மர அலுமாரி | நல்ல மரமென்றால் குறைவு, முதுகைக் கவனி | கல்லில் ஏற்றவேண்டும் | நல்லது | சிரமப்பட்டு | அதிகம், தலைமுறைக்கு நிற்கும் |
| ஒட்டுப்பலகை | மிக விருப்பம் | ஊதும் | பரவாயில்லை | ஒருதரம் | குறைவு போலத் தெரியும் |
| இரும்பு அலுமாரி | இல்லை | அடி துருப்பிடிக்கும் | மிக நல்லது | வெறுமையாக | நடுத்தரத்துக்கு மேல் |
| பிளாஸ்ரிக், பரல், றங்குப் பெட்டி | இல்லை | பரலுக்குப் பயமில்லை, பெட்டிக்குக் கல் வேண்டும் | பரலும் பெட்டியும் நல்லது | எளிது | குறைவு |
| பரண் | மரத்தைப் பொறுத்து | எட்டாது, ஒழுக்கு உண்டு | மோசம் | கழற்றலாம் | மிகக் குறைவு |

யாருக்கு எது

ஒன்றை மட்டும் தெரிவு செய்யவேண்டும் என்றில்லை. காசு ஒரே தடவையில் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது இந்த வரிசை. முதலில் இரண்டு பரல் குசினிக்கு, ஒரு றங்குப் பெட்டி ஆவணங்களுக்கு. அடுத்த போகத்துக்கு ஒரு அறையில் றாக்கை. அதற்கடுத்துக் காசு மிஞ்சினால் சின்னதாக ஒரு இரும்பு அலுமாரி. அரச உத்தியோகக்காரர், மாதச் சம்பளம் வருகிறவர், வாடகை வீட்டில் இருந்தால் இரும்பை முதலில் எடுக்கலாம், கூடவே போகும். வயதானவர் தனிய இருக்கிற வீட்டில் பரணும் வேண்டாம், கட்டிலடிப் பெட்டியும் வேண்டாம். குனியாமல், ஏறாமல், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே எட்டுகிற இரண்டு றாக்கைத் தட்டுப் போதும். கடற்கரையில் றாக்கையும் பிளாஸ்ரிக்கும். தாழ்ந்த வயல்கரை வீடு என்றால், கடந்த வெள்ளத்தில் சுவரில் விழுந்த கறையை அளந்து, அதற்கு மேலே அடித்தட்டு.

எதை வாங்க முன்னமும் அந்த உரப்பைகளைக் கொட்டிப் பாருங்கள். தங்கச்சியின் ஆறு பையையும் முற்றத்தில் பாய் விரித்துக் கொட்டினோம். இரண்டு பை நேரே எரிக்கப் போனது. ஒரு பையில் வேறொரு ஊரின் வீட்டுத் திறப்புகள் ஒரு கொத்து இருந்தன, அந்த வீடு இப்போது இல்லை. அவள் அதை எரிக்கிற பக்கமும் வைக்கவில்லை, வைக்கிற பக்கமும் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டே மற்றதுகளைத் தெரிந்தாள். மிஞ்சியது மூன்று பைக்கும் குறைவு. மூன்று கதவு அலுமாரி பற்றிய பேச்சு அதோடு நின்றுவிட்டது.

அவள் கடைசியில் றாக்கைதான் கட்டினாள். எட்டுத் தட்டு, முற்றத்தில் வார்த்தது. அவர் மாமரத்துக்குக் கீழே நின்று கலவை குழைத்தார், பரண் கதையை விட்டுவிட்டார். ஈரம் காய முன்னம் சாக்குப் போட மறந்து எல்லாரும் சாப்பிடப் போன நேரம் கோழி ஒன்று ஒரு தட்டின் மேலால் நடந்து போய்விட்டது. மேசன் பூசி மூடுவம் என்றார். சின்னவள் விடவில்லை. இப்போது அவள் கொப்பி அடுக்குகிற தட்டு அதுதான், கொப்பியைத் தூக்கினால் கீழே மூன்று விரல் தடம் ஏழு கிடக்கிறது.